சந்திரசேகரனின் கையில் இருந்த அதிகாரம்

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ ஒரு பையன் ஆளாகும் கதை. 1948இன் ஹைதராபாத் அதற்கு வாய்த்த பின்னணி. இப்படிச் சொல்லிச் சொல்லியே அந்த நாவலின் பல்லைப் பிடுங்கிவிட்டோம். இலக்கியக் கூட்டங்களில் இதைத்தான் கேட்கிறேன். நாவலை உயிராக நேசிப்பவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள் என்பதே என் வருத்தம். இது பிழையான வாசிப்பு. அதன் விளைவு இலக்கியத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. அதனால்தான் இந்த மறுப்பு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். சந்திரசேகரன், செகந்தராபாத் லான்சர் பாரக்ஸில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பையன். அப்பாவுக்கு நிஜாம் ரயில்வேயில் வேலை. பையனுக்குக் கிரிக்கெட் பைத்தியம். பிறகு கல்லூரி, சைக்கிள், நண்பர்கள், அந்த வயதுக்குரிய தடுமாற்றங்கள். நாவலில் பெரும்பகுதியை நிரப்புவது இவைதான். அரசியல் பெரும்பாலும் செய்தியாகவும் வதந்தியாகவும் தெருச் சண்டையாகவும் எட்டிப் பார்க்கிறது. ஆசிரியர் எங்கும் குரலை உயர்த்துவதில்லை; எவரையும் கூண்டில் ஏற்றுவதில்லை. கடைசியில், ஹைதராபாத்தை இந்தியாவோடு சேர்த்த போலீஸ் நடவடிக்கையை ஒட்டிய கலவரத்துக்கு நடுவே சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போக நேர்கிறது. குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சின்னப் பெண் தன் உடைகளைக் களைந்து அவன் முன்னால் நிற்கிறாள். அவன் பதறி ஓடுகிறான். அத்தோடு பிள்ளைப் பருவம் முடிகிறது, மனிதம் விழித்துக்கொள்கிறது என்பது இந்த வாசிப்பின் முடிவு. இதில் சொல்லப்படும் தகவல்கள் எல்லாம் சரி. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு.

என் தரப்பையும் உடனே சொல்லிவிடுகிறேன். அந்த நாவலின் பொருளே அதிகாரம். அது யார் கையிலிருந்து யார் கைக்கு மாறுகிறது, மாறுகிற வழியில் அதைக் கேட்காத, விரும்பாத ஒருவன் கையிலும் எப்படி வந்து விழுகிறது என்பதுதான் கதை. சந்திரசேகரனை வெறும் பார்வையாளனாக எடுத்துக்கொள்பவர்கள் அந்தக் கடைசி வீட்டில் நடந்ததையே படிக்கவில்லை.

1.

பின்னணி என்கிறார்களே, அதை எடுத்துவிட்டுப் பார்ப்போமா? கதையை 1948இன் கும்பகோணத்துக்கு மாற்றுங்கள். கிரிக்கெட் இருக்கும், கல்லூரி இருக்கும், கண்டிப்பான அப்பா இருப்பார். சந்திரசேகரன் இருக்க மாட்டான். அவனை அவனாக்குவது, தான் நடக்கிற தெரு தன்னுடையதுதானா என்ற ஓயாத சந்தேகம். யாரோடு விளையாடலாம், எந்த வழியாகச் சைக்கிளில் போகலாம், எவன் முறைத்தால் எதிர்த்துப் பார்க்கலாம், எவன் முறைத்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விட வேண்டும் என்ற கணக்கை ஒவ்வொரு நாளும் போட்டாக வேண்டிய ஊர் அது. கும்பகோணத்துப் பையனுக்கு அந்தக் கணக்குத் தேவைப்பட்டிருக்காது. (அவனைப் போலப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த பையனுக்கு, என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்குக் கும்பகோணத்திலும் அந்தக் கணக்கு உண்டு.)

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1911 முதல் ஆண்ட நாடு அது. பரப்பு ஏறத்தாழ 82,000 சதுர மைல், மக்கள்தொகை ஒன்றரைக் கோடிக்கும் மேல். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் இந்துக்கள். படையிலும் போலீசிலும் உயர்பதவிகளிலும் பெரும்பான்மை முஸ்லிம்கள். 1947 ஆகஸ்டு 15இல் இந்த நாடு இந்தியாவோடு சேரவில்லை. நவம்பர் 29இல் ஓராண்டுக்கு ‘இருந்தபடியே இருப்போம்’ என்று ஒரு தற்காலிக ஒப்பந்தம் கையெழுத்தானது. லாயக் அலி பிரதமரானார். நிஜாமுக்கு ஆதரவான காசிம் ரஜ்வியின் ஆயுதத் தொண்டர்களாகிய ரஜாக்கார்கள் தெருவில் இறங்கினார்கள். 1948 செப்டம்பர் 13இல் இந்தியப் படை ‘போலீஸ் நடவடிக்கை’ என்ற பெயரில் உள்ளே நுழைந்தது. 17இல் நிஜாம் பணிந்தார். மறுநாள் அவருடைய தளபதி எல் எட்ரூஸ், மேஜர் ஜெனரல் ஜே.என். சௌதுரியிடம் முறைப்படி சரணடைந்தார்.

இந்த வரலாறு ஒரு ரயில்வே குமாஸ்தா வீட்டுக்குள் எப்படி நுழையும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த ரயில்வேயை நிஜாம் அரசு 1930லேயே தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டது. அப்பா வாங்குவது அந்த அரசின் சம்பளம். இந்தியா ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிற வீட்டில் நிஜாமின் காசில் உலை கொதிக்கிறது. அந்தக் குடும்பம் மண்ணின் மைந்தர்களாகிய ‘முல்கி’களில் சேராது, வந்தேறியாகவே எண்ணப்படும். ஆளும் கூட்டத்திலும் இடமில்லை, எதிர்க்கும் கூட்டத்திலும் இடமில்லை. அப்படி ஒரு வீட்டில் வளர்கிறவனுக்கு அரசியல் எங்கிருந்து பின்னணி ஆகும்? அவன் தட்டில் விழுகிற சோற்றிலேயே அது இருக்கிறது.

2.

குரலை உயர்த்தாதவன் நடுநிலையாளன் என்று யார் சொன்னது? அசோகமித்திரனின் அடக்கத்தைப் புகழ்ந்தே அவரை அரசியலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம். எழுதிய விதத்தைப் பாருங்கள். நாவல் ‘நான்’ என்றும் சொல்கிறது, ‘சந்திரசேகரன்’ என்றும் சொல்கிறது. தன்மையிலும் படர்க்கையிலுமாக மாறி மாறிப் போகிறது. இதை உத்தி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்ன காரியத்துக்கு அந்த உத்தி?

தன்மையில் பேசும்போது அவன் பயப்படுகிறவன், ஆசைப்படுகிறவன், கூச்சப்படுகிறவன். அவன் மனசு நமக்குத் தெரியும். ஆகவே அவனை மன்னிக்கிறோம். படர்க்கைக்கு மாறும்போது அவன் ஊரில் உள்ள பல பையன்களில் ஒருவன் ஆகிறான். அதாவது ஊர் அவனை எப்படிப் பார்க்கிறதோ அப்படி நாமும் ஒரு நிமிடம் பார்க்கிறோம். ஊருக்கு அவன் மனசு தெரியாது. அவன் பெயர் தெரியும், அவன் எந்தப் பக்கத்துக்காரன் என்பது தெரியும்.

இந்தப் பழக்கத்தை வாசகனுக்கு நாவல் முழுக்க ஏற்படுத்திவிட்டுத்தான் ஆசிரியர் அந்தக் கடைசி வீட்டுக்குள் நம்மை அழைத்துப் போகிறார். அந்தக் குடும்பத்துக்கு அவனுடைய ‘நான்’ கிடையாது. கிரிக்கெட் ஆடுகிற பையன் கிடையாது. முஸ்லிம்களோடு கூடி வளர்ந்தவன் கிடையாது. ஜெயித்த பக்கத்திலிருந்து வந்திருக்கிற ஓர் ஆண், அவ்வளவுதான். இரண்டு குரலிலும் நாவலைப் படித்துவந்த நமக்கு இது புரிந்திருக்க வேண்டும். ‘நான்’ என்ற குரலை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டால், பையன் ஆளாகும் கதைதான் மிஞ்சும். அது வாசகர் கத்தரித்துக்கொண்ட கதை. ஆசிரியர் எழுதியது அதைவிடப் பெரியது.

3.

ஒடுக்கியவர்கள் முஸ்லிம்கள், ஒடுக்கப்பட்டவர்கள் இந்துக்கள், செப்டம்பர் 17 விடுதலை. இந்த வாசிப்பு இப்போது வலுத்துவருகிறது. 2024இல் ரஜாக்கார் கொடுமைகளைப் பற்றி ஒரு தெலுங்குப் படமே வந்தது. அசோகமித்திரனின் நாவலையும் அந்த வரிசையில் ஒரு சாட்சியமாக நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசிக் காட்சியை அவர்கள் விதிவிலக்கு என்பார்கள்: நல்ல காரியத்தில் நேர்ந்த ஒரு துயரம். இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ரஜாக்கார் கொடுமை உண்மை. அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. 1948 ஆகஸ்டில் பைரான்பள்ளி கிராமத்தில் ரஜாக்கார்களும் நிஜாமின் ஆட்களும் செய்த கொலைகளை அந்த வட்டாரம் இன்றும் மறக்கவில்லை. அதே ஆகஸ்டில், இந்தியாவோடு சேர வேண்டும் என்று எழுதிய ‘இம்ரோஸ்’ பத்திரிகையின் ஆசிரியர் ஷோயபுல்லா கானை ஹைதராபாத்தில் கொன்றார்கள். அவர் பெயரைக் கவனியுங்கள். ரஜாக்கார்கள் கொன்ற அந்தப் பத்திரிகையாளர் ஒரு முஸ்லிம்.

இன்னொரு பெயர், ஷேக் பந்தகி. தன் நிலத்துக்காக விஸ்னூரின் பெருநிலப்பிரபுவான தேஷ்முக்கை எதிர்த்து நின்ற ஏழை உழவர். தேஷ்முக் ராமச்சந்திர ரெட்டியின் ஆட்கள் அவரைக் கொன்றார்கள். கம்யூனிஸ்டுத் தலைவர் சுந்தரய்யா தரும் கணக்குப்படி அந்த ஒரு தேஷ்முக்கின் கையில் இருந்த நிலம் 40,000 ஏக்கர். அதே தேஷ்முக்கின் ஆட்கள்தான் 1946 ஜூலை 4இல் கடவெண்டியில் தொட்டி கொமரய்யாவைச் சுட்டுக் கொன்றார்கள். கம்யூனிஸ்டுகள் தலைமையில் உழவர்கள் நடத்திய தெலங்கானா ஆயுதப் போராட்டம் அங்கிருந்துதான் பற்றி எரிந்தது. ஆக, முஸ்லிம் உழவரைக் கொன்றவன் இந்து நிலப்பிரபு. முஸ்லிம் ஆசிரியரைக் கொன்றவர்கள் ரஜாக்கார்கள். நிஜாமின் அதிகாரம் ஊருக்குள் நடமாடியது இந்தத் தேஷ்முக்குகளின் காலில்தான். ‘வெட்டி’ என்ற கூலியில்லாக் கட்டாய வேலையை வாங்கியவர்களும் அவர்கள்தான். மதத்தைக் கொண்டு கோடு போட்டால் இந்த வரலாற்றில் பாதி ஆட்கள் தவறான பக்கத்தில் போய் நிற்பார்கள்.

சரி, செப்டம்பர் 17க்குப் பிறகு யார் யார் என்ன ஆனார்கள்? அதிகாரத்தைப் பற்றி உண்மையாகவே அக்கறை உள்ளவர் கேட்டாக வேண்டிய கேள்வி இது. நிஜாம் அரண்மனையிலேயே இருந்தார். 1950 ஜனவரி 26இல் மாநிலத்தின் பெயரளவுத் தலைவரான ராஜப்பிரமுகர் ஆனார். 1956இல் மாநிலம் பிரிக்கப்படும்வரை அந்தப் பதவியில் நீடித்தார். லாயக் அலி வீட்டுக் காவலிலிருந்து 1950இல் தப்பிப் பாகிஸ்தான் போய்ச் சேர்ந்தார். காசிம் ரஜ்வி சிறையில் இருந்தார். 1957இல் வெளியே வந்ததும் அவரும் பாகிஸ்தான் போனார். ஊரைவிட்டு ஓடியிருந்த நிலப்பிரபுக்கள் பலர் படையின் பின்னாலேயே கதர் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். அதே படை பிறகு கம்யூனிஸ்டு உழவர்கள் மேல் திரும்பியது. 1951 அக்டோபரில்தான் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

தண்டனை யாருக்கு? நேரு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு 1948 கடைசியில் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றியது. காஜி அப்துல் கஃபாரும் அதில் இருந்தார். போலீஸ் நடவடிக்கையின்போதும் அதற்குப் பிறகும் குறைந்தது 27,000 முதல் 40,000 பேர்வரை உயிரிழந்திருப்பார்கள் என்பது அந்தக் குழுவின் மதிப்பீடு. மிக மோசமாக அடிபட்டவை உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு மாவட்டங்கள். கொலையோடு பாலியல் வன்முறை, பெண் கடத்தல், கொள்ளை, வீட்டையும் நிலத்தையும் பறித்தல் எல்லாவற்றையும் குழு பதிவு செய்தது. சில இடங்களில் படையினரே கொள்ளைக்குத் தூண்டியதையும் எழுதியது. முஸ்லிம்களைக் காப்பாற்றிய இந்துக்களையும் எழுதியது. இறந்தவர்களில் ஆகப் பெரும்பான்மையினர் ரஜாக்கார்கள் அல்லர். நிஜாமை நேரில் பார்த்தே இராத சாதாரண ஊர் மக்கள்.

இதைத் தெரிந்துகொண்டு நாவலின் கடைசி அத்தியாயத்தைப் படியுங்கள். அந்தப் பெண் எங்கிருந்து வந்தாள் என்பது புரியும். அதிகாரம் மேலிருந்து சரியும்போது மேலே இருந்தவன் மெத்தையில் விழுகிறான். அடி படுவது அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு பிழைத்தவர்களுக்கும், அவன் மதத்தில் பிறந்ததைத் தவிர வேறெந்த உறவும் இல்லாதவர்களுக்கும். நாவல் முழுக்க ரஜாக்கார் பயத்தைக் காட்டி நம்மை அந்தப் பக்கம் இழுத்துவந்த ஆசிரியர், அந்தப் பயம் நீங்கிய மறுகணமே நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டுகிறார். விதிவிலக்கை எவரும் நாவலின் உச்சத்தில் வைக்க மாட்டார்கள். அது அதுவரை நடந்த எல்லாவற்றின் விளைவு.

அசோகமித்திரன் 1931 செப்டம்பர் 22இல் செகந்தராபாத்தில் பிறந்தவர். நிஜாம் பணிந்த அன்று அவருக்கு 17 வயது நிறைய ஐந்து நாள் பாக்கி. 1952இல் சென்னைக்குப் போனார். நாவல் வெளிவந்தது 1977இல். விடுதலை என்றோ வெற்றி என்றோ சொல்லிக் கதையை முடிக்க அவருக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு அவகாசம் இருந்தது. அவர் அப்படி முடிக்கவில்லை.

4.

“அவன் அவளைத் தொடவில்லை, ஓடிவிட்டான், மனிதம் வென்றது.” இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எங்கே வென்றது? யாருக்காக வென்றது?

அவன் ஓடிய பிறகு அந்த வீட்டில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை. தெருவில் கலவரம் நிற்கவில்லை. கதவுக்கு வெளியே அவன் காவல் நிற்கவில்லை. யாரையும் உதவிக்கு அழைக்கவில்லை. அடுத்து உள்ளே வருகிறவன் ஓடுவான் என்று யாரும் அந்தக் குடும்பத்துக்கு உறுதி சொல்லவில்லை. ஓடியதால் காப்பாற்றப்பட்டது சந்திரசேகரனின் மனச்சாட்சி ஒன்றுதான். அதை மனிதத்தின் வெற்றி என்று கொண்டாடுகிறவர் அந்தப் பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு அவனோடு சேர்ந்து ஓடுகிறார்.

அவள் நடந்துகொண்ட விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அவன் கேட்கவில்லை, மிரட்டவில்லை, கையில் கத்தி எடுக்கவில்லை. உள்ளே வந்தான், அவ்வளவே. அவளோ முன்னால் வந்து நிற்கிறாள். ஒரு நொடியில் எடுக்கக்கூடிய முடிவா அது? அந்த வீட்டின் இருட்டில் அவர்கள் பலமுறை இதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் நடந்தது காதில் விழுந்திருக்க வேண்டும். வருகிறவனிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, மிஞ்சியது இவள் உடல் என்று கணக்கு முடிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கை முடிக்க அவளுக்குப் போதுமான வயதுகூட ஆகவில்லை. அதிகாரத்தின் முழு உருவம் இதுதான்: அதை வைத்திருப்பவன் வாய் திறந்து எதையும் கேட்க வேண்டியதே இல்லை. எதிரில் இருப்பவர்கள் தாமாகவே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

உருது எழுத்தாளர் மண்டோவின் பிரிவினைக் கதையான ‘கோல் தோ’வின் முடிவை இதோடு ஒப்பிடுவார்கள். ஒப்பிடலாம், வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். மண்டோவின் சகீனாவுக்குக் கொடுமை நடந்து முடிந்துவிட்டது. ‘திற’ என்ற சொல் காதில் விழுந்ததும் உடையை அவிழ்க்க அவள் கை அசைவது அதன் தழும்பு. அவளைச் சிதைத்தவர்களும் காப்பாற்றப் போன சொந்தச் சமூகத்துத் தொண்டர்கள். வாசகன் அவர்களைக் கண்டு அருவருக்கலாம். தான் அவர்களில் ஒருவன் அல்ல என்று தேற்றிக்கொள்ள இடமும் உண்டு. அசோகமித்திரன் அந்த இடத்தையே அடைத்துவிட்டார். அவள் முன்னால் நிற்பது நமக்குப் பிடித்த பையன். நூற்றுக்கணக்கான பக்கம் நம்மோடு வந்தவன். அவனைப் பார்த்துத்தான் அவள் அப்படி நிற்கிறாள். ஆகவே அந்தக் கணத்தில் அவள் எதிரில் வாசகனும் நிற்கிறான்.

அப்படியானால் சந்திரசேகரன் குற்றவாளியா என்று கேட்பீர்கள். இல்லை. அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. குற்றமும் அதிகாரமும் வேறு வேறு என்பதைத்தான் நான் வலியுறுத்துகிறேன். செப்டம்பர் முதல் வாரத்தில் அதே தெருவில் பயந்து பயந்து போனவன் அவன். மூன்றாவது வாரத்தில் அவன் உள்ளே நுழைந்தால் ஒரு குடும்பமே நடுங்குகிறது. இடையில் அவன் ஒரு கல்லைக்கூட எடுத்து எறியவில்லை. டில்லியில் யாரோ முடிவெடுத்தார்கள், படை வந்தது, அரசு மாறியது, அவன் கையில் அதிகாரம் வந்து விழுந்தது. அவன் ஓடியது அந்தப் பெண்ணைப் பார்த்து மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அவள் கண்ணில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்தும்தான். ‘கண் திறந்தது’ என்று பாராட்டுப் பத்திரம் எழுதி இந்த அதிர்ச்சியை அவனிடமிருந்தும் நம்மிடமிருந்தும் பறித்துவிடக் கூடாது.

5.

இடதுசாரி நண்பர்கள் வேறொரு குற்றச்சாட்டு வைப்பார்கள்: உழவர் போராட்டம் நடந்த நல்கொண்டா எங்கே, வாரங்கல் எங்கே, வெட்டி வேலை செய்தவன் எங்கே? ஒரு பிராமணக் குடும்பத்தின் ஜன்னல் வழியே தெரிந்த ஹைதராபாத் மட்டும்தானே இது?

குற்றச்சாட்டில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். உழவர் போராட்டம் நாவலுக்கு வெளியே இருக்கிறது. அந்த உலகம் வேண்டுமானால் தாசரதி ரங்காசார்யாவின் ‘சில்லர தேவுள்ளு’ நாவலைத்தான் படிக்க வேண்டும். ‘தொரா’ (துரை) என்று ஒருவன் காலில் விழும் ஊர் எப்படி இருக்கும் என்பதைத் தெலுங்கில் அது காட்டியது. மாளிகைகளுக்குள் அடைபட்ட முஸ்லிம் பெண்களின் நிலை வேண்டுமானால் ஜிலானி பானோவின் உருது நாவல் ‘ஐவான்-எ-கஜல்’ இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஹைதராபாத் முழுசாகத் தெரியும். தமிழில் இவற்றைப் பற்றிப் பேச்சே இல்லாதது நம் குறை. அசோகமித்திரன் மேல் அதை ஏற்ற முடியாது.

மற்ற பாதியை மறுக்கிறேன். ஜன்னல் சிறியது என்பதால் தெரிந்தது பொய் ஆகிவிடாது. நடுவில் இருப்பவன், யார் பக்கமும் சேராமல் தப்பித்துவிடலாம் என்று நம்புகிறவன், அவனும் ஒருநாள் ஒரு பக்கத்துக்காரனாக எண்ணப்படுவான். இதை நல்கொண்டா உழவனின் கதையில் சொல்ல முடியாது. அவனுக்குத் தன் பக்கம் எது என்பதில் சந்தேகமே கிடையாது. சந்திரசேகரனை வைத்துத்தான் சொல்ல முடியும்.

6.

ஒரு நாவலை இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம், அதற்கு ஏன் இத்தனை ஆவேசம் என்று கேட்கலாம். விளைவைப் பாருங்கள்.

ஒவ்வொரு செப்டம்பர் 17இலும் செகந்தராபாத் பரேடு மைதானத்தில் ஒன்றிய அரசு ‘ஹைதராபாத் விடுதலை நாள்’ கொண்டாடுகிறது. 2022இல் தொடங்கியது இது. சந்திரசேகர ராவ் ஆட்சியில் தெலங்கானா மாநில அரசு அதே நாளை ‘தேசிய ஒருமைப்பாட்டு நாள்’ என்றது. இப்போதைய காங்கிரஸ் அரசு ‘பிரஜா பாலனா தினோத்சவம்’ என்கிறது. கம்யூனிஸ்டுகள் ஆயுதப் போராட்டத் தியாகிகளுக்குச் செங்கொடி ஏற்றுகிறார்கள். ஒரே நாளுக்கு ஊரில் இத்தனை பெயர். இவற்றில் எந்த மேடையிலும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி கிடையாது. அவளைப் பற்றிய பேச்சை எடுத்தால் ஒருவர் ரஜாக்கார் கொடுமையை மறைக்கிறாய் என்பார். மற்றவர் ஒற்றுமையைக் கெடுக்கிறாய் என்பார்.

ஹைதராபாத் தமிழர்களாகிய நமக்கு இன்னொரு தப்பித்தல் வழியும் இருக்கிறது. “நாம் வேலைக்கு வந்தவர்கள், நமக்கு இந்தச் சண்டையில் என்ன?” ரயில்வேக்காகவும் கண்டோன்மென்ட்டுக்காகவும் தலைமுறைகளுக்கு முன்பே வந்து வேரூன்றியவர்களின் வீடுகளிலும், மென்பொருள் வேலைக்கு மாதாபூருக்கு வந்தவர்களின் வீடுகளிலும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். பழைய நகரத்தைப் பற்றி அங்கே போகாமலே சொல்லப்படும் கதைகளும் கூடவே வரும். சார்மினாருக்கு வளையல் வாங்கப் போவார்கள். அங்கே வீடு பார்க்கச் சொன்னால் முகம் மாறும். அந்த நாவலை எழுதியவர் நம்மில் ஒருவர். நம்மைப் பற்றியே எழுதினார். வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன்தான் அந்த வீட்டுக்குள் நின்றான். ‘நமக்கு என்ன’ என்ற பேச்சு அங்கேயே செத்துவிட்டது. பையன் ஆளாகும் கதை என்று படிப்பதால்தான் நம்மால் அதை இன்னும் பேசிக்கொண்டிருக்க முடிகிறது.

ஆகவே, இந்த நாவலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களிடமும் கூட்டங்களில் பேசுபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். சந்திரசேகரன் என்ன கற்றுக்கொண்டான் என்ற கேள்வியைக் கொஞ்ச காலம் ஒத்திவையுங்கள். அந்தக் குடும்பத்துக்கு அவன் யாராகத் தெரிந்தான், ஒரு வாரத்துக்கு முன்பு வந்திருந்தால் யாராகத் தெரிந்திருப்பான், இடையில் மாறியது என்ன என்று கேளுங்கள். அப்படிக் கேட்டு மாணவர்கள் பேசத் தொடங்கினால் 1948இல் நிற்க மாட்டார்கள். தங்கள் ஊர், தங்கள் தெரு என்று வந்துவிடுவார்கள். வரட்டும்.

சுந்தர்லால் குழுவின் அறிக்கையை இந்திய அரசு பல பத்தாண்டுகள் வெளியிடாமல் வைத்திருந்தது. அது பரவலாகப் பேசப்பட்டதே 2013 வாக்கில்தான். அந்த அறிக்கை சொன்னதன் சாரம் 1977லேயே, தமிழில், ஒரு நாவலின் கடைசிப் பக்கங்களில் அச்சாகி வந்துவிட்டது. அதைப் பூட்டி வைக்க எந்த அரசும் தேவைப்படவில்லை. ‘பின்னணி’ என்ற ஒற்றைச் சொல்லால் நாமே பூட்டினோம். திறக்க வேண்டியதும் நாம்தான்.